தமிழ் பேசிய ஒரே ஆள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் புகைக்குச் சற்றுத் தள்ளி இயங்கிவரும் அந்தப் பன்னாட்டுப் பள்ளியின் நிர்வாகம், தன் மாணவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆங்கிலத்தில் முக்கி எடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒருமனது என்பது தாளாளர் சரவணகுமாரின் மனது. பழைய இரும்பு வியாபாரத்தில் நாலு காசு பார்த்தபின் கல்விச் சேவையில் இறங்கியவர் அவர். பள்ளியின் பன்னாட்டுத் தன்மை அதுவரை ஆந்திர எல்லைக்குப் போய்வரும் வேனோடு நின்றிருந்தது.

பிள்ளைகளை அழைத்துப்போகும் பொறுப்பு ஆங்கில ஆசிரியர் ஆதிநாராயணன் தலையில் விழுந்தது. பல வருடங்களாக ஆங்கிலத்தை நல்ல தமிழில் நடத்திவருபவர். இலக்கணத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. பேசச் சொன்னால்தான் தொண்டை கட்டிக்கொள்ளும். இது அவருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே இருதரப்பும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் காலம் தள்ளிவந்தார்கள்.

பள்ளியில் ஓர் அட்டை உண்டு. 'நான் தமிழ் பேசினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி நாடா கோத்தது. தமிழ் பேசியவர் கழுத்தில் அது ஏறும். அடுத்து ஒருவர் தமிழ் பேசும்வரை இறங்காது. இந்த அட்டையும் இங்கிலாந்து போகும் என்றும், திரும்பி வரும்போது அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் பள்ளியை விட்டு நீங்குவார் என்றும் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்களுக்கும் இது பொருந்துமாம். படிக்கும்போது ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று 'தாளாளர் உட்பட' என்பதையும் சரவணகுமாரே சேர்த்துக்கொண்டார்.

அட்டையின் பாதுகாவலர் மாணவர் தலைவி ஜெனிபர். உருக்காலையில் ஷிப்டு பார்க்கும் அந்தோணியின் மகள். ஓயாமல் பேசுகிற பெண்.

இங்கிலாந்தில் இறங்கியதும் திட்டம் அமோகமாக வேலை செய்தது. தமிழ் பேசக் கூடாது, ஆங்கிலம் வராது. ஆகவே யாரும் பேசவில்லை. பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள். குளிர்ந்தால் நடுங்கிக் காட்டினார்கள். இவ்வளவு அடக்கமான பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை என்று அங்கிருந்த வெள்ளைக்காரப் பயிற்சியாளர் அம்மாள் புகழ்ந்தாள். ஆதிநாராயணன் புன்னகைத்தார். அதற்கு மொழி தேவைப்படவில்லை. ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை, நூற்றுக்கு நூறு வெற்றி என்று தினமும் தாளாளருக்குத் தகவல் போனது.

ஒருநாள் கடற்கரைச் சாலையில் ஜெனிபர் படம் எடுத்துக்கொண்டே பின்னால் நடந்து தெருவில் இறங்கிவிட்டாள். பின்னால் பெரிய சிவப்புப் பஸ். ஆதிநாராயணன் கத்த நினைத்தார். கட்டளை வாக்கியத்துக்கு எழுவாய் தேவையில்லை என்பதுதான் முதலில் ஞாபகம் வந்தது. வினைச்சொல் வருவதற்குள் பஸ் வந்துவிடும் போலிருந்தது.

"ஏய், ஓரமா வாடீ! பஸ்ஸு!"

பெண் நடைபாதையில் தாவி ஏறிப் பிழைத்தாள். பிள்ளைகள் எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். ஜெனிபர் பையிலிருந்து அட்டையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கழுத்தில் மரியாதையாக மாட்டினாள். சட்டம் சட்டம்தானே.

அதன்பின் ஆதிநாராயணன் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. யாராவது ஒரு பிள்ளை 'அய்யோ' என்றாலும் போதும், அட்டை இறங்கிவிடும். யாரும் சொல்லவில்லை. இவ்வளவு ஒழுக்கமாக வளர்த்துவிட்டோமே என்று முதல்முறையாக வருந்தினார். வீட்டுக் கடனும் அவர் கூடவே இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்தது.

சென்னை விமான நிலையத்தில் பெற்றோர்கள் மாலையோடு நின்றார்கள். அந்தோணி மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பாத்தீங்களா, தமிழே வாயில வர்ல," என்று அந்தோணி பக்கத்திலிருந்தவரிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். "உள்ள பூரா இங்கிலீஷு ஏறிக்கினுகீது."

சரவணகுமார் அட்டையைப் பார்த்துவிட்டார். "இன்னாய்யா ஆதி, வாத்தியாரே மாட்டிக்கினியா? நாளைலேர்ந்து நீ..."

வாக்கியம் முடியவில்லை. ஜெனிபர் வாத்தியார் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி, எக்கி, தாளாளர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

சரவணகுமார் அட்டையைப் பார்த்தார். ஆதிநாராயணனைப் பார்த்தார். வேலையை விட்டுத் தூக்குவதென்றால் இனி ஆங்கிலத்தில்தான் தூக்க வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தாளாளரே தமிழை விட்டுவிட்டார் என்று பெற்றோர்கள் கை தட்டினார்கள். ஆதிநாராயணனுக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் ஜெனிபர் அப்பாவின் கையை இழுத்தாள். பஸ் கதை முழுவதும் அவள் முகத்தில் இருந்தது. சொல்ல வாயெடுத்தவளின் வாயை அந்தோணி பதறிப்போய்ப் பொத்தினார்.

"பேசாத கண்ணு. டப்பு கட்டி ஏத்துனது எறங்கிடப் போவுது. ஊட்டுல அம்மாகிட்டயும் சொல்லி வெச்சிக்கிறேன், யாரும் உங்கிட்ட பேசமாட்டோம்."

அந்தப் பெண்ணின் கண் ஆதிநாராயணனைத் தேடி வந்து நின்றது. அவளைப் பேச விடுங்கள் என்று சொல்ல அவருக்குத் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் சரவணகுமார் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தபடி நின்றார்.

ஆதிநாராயணன் வாயை மூடிக்கொண்டார்.