இறாலம்மாவுக்கு வேலை வேண்டாம்

"இந்த மாசம் எங்கெங்க வேலை தேடினீங்க, அக்கா?" என்று வேலைவாய்ப்பு அலுவலக ஜன்னலுக்கு உள்ளேயிருந்து லோவான் கேட்டாள். அவள் வாயில் மிளகாய் உப்புத் தொட்ட பச்சை மாங்காய்.

குயென் எங்கேயும் தேடவில்லை. பியென் ஹோவா நகரத்துக் காலணி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், பிரசவ விடுப்பு முடிந்ததும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டுவிட்டாள். பையன் நடக்கும்வரை அவனோடு இருக்க வேண்டும், அதுவரை வேலையிழந்தோர் உதவித்தொகையில் காலத்தை ஓட்ட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

அரசாங்கம் சும்மா கொடுக்குமா? மாதாமாதம் இங்கே வந்து, வேலை தேடியதாகச் சொல்ல வேண்டும். இவர்கள் காட்டும் வேலையைக் காரணமில்லாமல் இரண்டு தடவை தட்டிக் கழித்தால் தொகை நின்றுவிடும். சேமியா ஆலை வேலையைப் போன மாதமே கழித்தாயிற்று.

"தேடினேன் தங்கச்சி. ஒண்ணும் அமையலை."

"நான் எதுக்கு இருக்கேன்? உங்க தெருவிலேயே ஒரு அச்சகம். நாளைக்கே போய்ப் பாருங்க."

வீட்டில் கணவன் காங் யோசனை சொன்னான். மகனை அவர்கள் செல்லமாக இறால் என்று கூப்பிட்டதால், மனைவி அவனுக்கு இறாலம்மா.

"இறாலம்மா, நீ வேணாம்னு சொன்னாத்தானே தப்பு? அவங்களே வேணாம்னு சொல்ற மாதிரி பண்ணு. பையனையும் தூக்கிட்டுப் போ. அவன் ஒரு கத்துக் கத்தினா போதும்."

வீட்டில் நாள் முழுக்கக் கத்துகிற இறால், அச்சு இயந்திரத்தின் சத்தத்தில் சொக்கித் தூங்கிப்போனான்.

"அடேயப்பா, என்ன அசிங்கமான பிள்ளை!" என்று அச்சகக்காரம்மா கன்னத்தைத் தடவினாள்.

கண் பட்டுவிடும் என்று அந்த ஊரில் யாரும் குழந்தையை அழகு என்று சொல்வதில்லை. அசிங்கம் என்று அழுத்திச் சொன்னால் ரொம்பப் பிடித்துவிட்டது என்று பொருள்.

"எனக்குக் கணக்கு சுமாராத்தான் வரும்."

"எங்களுக்கு அதுவும் வராது. அதனாலதானே ஆள் தேடறோம்!"

"அடிக்கடி பால் கொடுக்கணும்."

"இங்கேயே உக்காந்து கொடு."

"நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்."

அந்தம்மா முகம் தொங்கிவிட்டது. "ஐயோ, அது முடியாதும்மா. எங்களுக்குப் பொழுது சாஞ்சாத்தான் வேலையே சூடு பிடிக்கும்."

தப்பித்த மகிழ்ச்சியில் குயென் மறுநாள் இறாலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தே வந்தாள். அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த குழந்தைகள் காப்பகத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"அவங்களே வேணாம்னுட்டாங்க தங்கச்சி. என்மேல தப்பில்லை."

"சரி. எப்படிப்பட்ட வேலைன்னா போவீங்க? பளிச்சுன்னு சொல்லுங்க."

இனி யாரும் தன்னை அசைக்க முடியாதபடி ஒரு போடு போட்டுவிட வேண்டும் என்று குயென் நினைத்தாள்.

"வீட்டிலேர்ந்து நடந்து போற தூரம். நாலு மணிக்கு விட்டுடணும். உக்காந்த இடத்திலேயே வேலை. பிள்ளை அழுதா எனக்குக் கேக்கற தூரத்தில அவனைப் பாத்துக்க ஆள். அப்படி இருந்தா இன்னைக்கே சேர்ந்துடறேன்!"

"நிச்சயமா?"

"சத்தியமா!"

லோவான் மாங்காய்த் தட்டைத் தள்ளிவைத்தாள். ஜன்னல் வழியாக இறாலை ஆசையாகப் பார்த்தாள்.

"எவ்வளவு அசிங்கமா இருக்கான்!"

குயெனுக்குப் பகீரென்றது.

லோவான் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். குயென் இத்தனை மாதமாக அவள் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது வயிறு தெரிந்தது, நிறைமாத வயிறு.

"இந்த நாற்காலிதான் அக்கா அந்த வேலை. திங்கக்கிழமையிலேர்ந்து எனக்குப் பிரசவ விடுப்பு. அது முடிஞ்சதும் வேலையை விட்டுட்டு நீங்க நிக்கிற இடத்துல வந்து நிப்பேன். அப்ப, வேலை தேடித் தர்றேன்னு மட்டும் என்னைத் தொரத்தாதீங்க!"