பெட்டி அண்ணாச்சி தவறவிட்ட கப்பல்

பூமி உருண்டை என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே படித்த மனிதர், நியூ ஜெர்ஸி மாநிலத்தில் எனக்குத் தெரிந்து பெட்டி அண்ணாச்சிதான். அவரைக் கேட்டால் பூமி ஒரு பெட்டி. நீளம் நாற்பது அடி, அகலம் எட்டு அடி, இரும்பால் ஆனது, பின்பக்கம் இரட்டைக் கதவு. அதற்குள் அடங்காத எதையும் கடவுள் படைத்திருக்கவே கூடாது என்பது அவருடைய கட்சி. மேசை நாற்காலி என்றால் பரவாயில்லை. யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பற்றிக்கூட அவருக்கு இந்த வருத்தம் உண்டு.

அப்பா அம்மா அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் குடியிருக்கும் பிரிட்ஜ்வாட்டரில் யாருக்கும் அது தெரியாது. தூத்துக்குடிக்காரர். அமெரிக்கா போதும் என்று ஊர் திரும்பும் குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக் கப்பலேற்றுவது தொழில். எடிசனில் ஒரு வாடகை வீட்டின் கராஜில் ஆரம்பித்தவருக்கு இன்று எலிசபெத் துறைமுகத்தின் பக்கத்தில் பெரிய கோடவுன், வாசலில் வரிசையாக லாரிகள், டெக்ஸாஸில் ஒரு கிளை, சான் ரமோனில் ஒரு கிளை. முன்பெல்லாம் ஊர் திரும்புகிறவர் ஒரு முழு கன்டெய்னருக்குப் பணம் கட்டி, அதில் பாதியைக் காற்றால் நிரப்பி அனுப்புவார். ஐந்தாறு குடும்பங்களை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பலாமே என்று எங்கள் வட்டாரத்தில் முதலில் யோசித்தவர் இவர்தான். ஒருவருடைய சோபாவின் மேல் இன்னொருவருடைய கிரைண்டர், அதன் மேல் மூன்றாமவருடைய கொலு பொம்மைகள் என்று அடுக்கி, ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

இந்த யோசனைக்கெல்லாம் மூலவர் ஒருவர் இருக்கிறார், கன்டெய்னரைக் கண்டுபிடித்த அமெரிக்கர். அண்ணாச்சி அவர் பெயரைச் சொல்ல மாட்டார். 'முதலாளி' என்பார். அந்தக் காலத்து மனைவிமார் புருஷன் பெயரைச் சொல்லாத மாதிரி அப்படி ஒரு மரியாதை.

"சொல்லுதேன் கேளும் வே. முதலாளி ஒரு லாரிக்காரரு. லாரியில பஞ்சு மூட்டை ஏத்திக்கிட்டு இதே நியூ ஜெர்ஸி கரைக்கு வாராரு. நாள் பூரா காத்துக் கெடக்காரு. ஒவ்வொரு மூட்டையா எறக்கி, ஒவ்வொரு மூட்டையா கப்பல்ல ஏத்துதான். நீரா இருந்தா என்ன செஞ்சிருப்பீரு?"

"தூங்கியிருப்பேன் அண்ணாச்சி."

"அதான் நீரு கம்ப்யூட்டர் தட்டுதீரு. முதலாளி யோசிச்சாரு. மூட்டைய ஏன் எறக்கணும்? லாரி பெட்டிய அப்பிடியே தூக்கிக் கப்பல்ல வச்சா என்ன? ஊரே சிரிச்சுது. இந்தா, இந்த நெவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு மொத கப்பல் போச்சு. அன்னைக்கு சிரிச்சவன் வீட்டுல இன்னைக்கு இருக்க டிவி, செருப்பு, பல்லு வெளக்குத பிரஷ்ஷு, அம்புட்டும் அந்தப் பெட்டியில வந்ததுதான் வே!"

இந்தக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 'ஊரே சிரிச்சுது' என்ற இடத்தில் அவர் என்னைத்தான் முறைப்பார்.

முதலாளியின் படம் அண்ணாச்சி வீட்டுப் பூஜை அலமாரியில் திருச்செந்தூர் முருகனுக்கும் பனிமய மாதாவுக்கும் நடுவில் இருக்கிறது. கோட்டு, சூட்டு, டை, நெற்றியில் சந்தனம். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் பூ. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மதினி என்போம். மதினிக்கு இந்தப் படத்தால் படாத பாடு. "வாறவங்க எல்லாம் யாருன்னு கேக்காங்க. போன வாரம் ஒரு ஆன்ட்டி உங்க மாமனாரான்னு கேட்டுட்டாங்க. இன்னொருத்தங்க கன்னத்துல போட்டுட்டு, இவரு எந்த மடம்னு விசாரிக்காங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் காருக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அண்ணாச்சி நெவார்க் துறைமுகத்து வேலிக்குப் போய்க் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார். ஒரு வருஷம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தேங்காய் உடைந்த சத்தத்துக்கு ஒரு போலீஸ்காரர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். எனக்கு கிரீன் கார்டு கண்முன்னால் பறந்து போவது தெரிந்தது. அண்ணாச்சி அசரவில்லை.

"சார், திஸ் இஸ் பர்த் பிளேஸ்" என்றார்.

"யாருடைய பர்த் பிளேஸ்?" என்று போலீஸ்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"கன்டெய்னர், சார்."

போலீஸ்காரர் எங்கள் இருவரையும், எரிகிற கற்பூரத்தையும், பின்னால் மலை மாதிரி அடுக்கியிருந்த பெட்டிகளையும் பார்த்தார். அப்புறம் நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு மூடித் தேங்காயை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷமும் அவரே வந்தார் என்றும், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார் என்றும் அண்ணாச்சி சொல்கிறார். இதில் பாதியை நான் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவரிடம் என் மகள் கல்யாணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது என் மனைவி. "மண்டபத்துக்கு சாமான் கொண்டுபோறது மட்டும் அண்ணாச்சி பாத்துப்பாரு" என்றாள். 'மட்டும்' என்ற சொல்லுக்கு அண்ணாச்சியின் அகராதியில் இடமில்லை. மறுநாளே லாரி நிறையக் காலிப் பெட்டிகள் வந்து இறங்கின. கறுப்புப் பெட்டி, மஞ்சள் மூடி. அமெரிக்காவில் கராஜ் வைத்திருக்கும் எல்லாரும் அறிந்த அதே பிளாஸ்டிக் பெட்டி. குத்துவிளக்கிலிருந்து கோமியம் வரை எல்லாம் அதற்குள் போக வேண்டும். போகாதது கல்யாணத்துக்கு வரக் கூடாது.

"அண்ணாச்சி, சீர் தட்டுல வச்சிருக்கற மயிலோட கழுத்து பெட்டிக்குள்ள போக மாட்டேங்குது" என்றாள் மனைவி.

"அப்ப கழுத்தக் கொறைங்கம்மா."

"அங்கிள், இட்ஸ் எ வெட்டிங், நாட் எ ஷிப்மென்ட்!" என்றாள் என் மகள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. நேரத்துக்குப் போய்ச் சேரணும், ஒடையாமப் போய்ச் சேரணும்."

பெட்டிக்கு நம்பர் போட்டதோடு விட்டாரா? ஒவ்வொன்றுக்கும் கன்டெய்னருக்குப் போடுவது போல, வெட்டினால்தான் திறக்கும் சீல் போட்டார். வெட்டும் கருவி அவர் இடுப்பில். புறப்பட்ட இடத்தில் மூடினால் போய்ச் சேரும் இடத்தில்தான் திறக்க வேண்டும், நடுவில் எவனும் கை வைக்கக் கூடாது என்பது முதலாளி காட்டிய வழியாம். முந்தின நாள் என் மனைவி குங்குமச் சிமிழுக்காக அரை மணி நேரம் கெஞ்சினாள். அண்ணாச்சி கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாரே தவிர, சீலை வெட்டவில்லை.

சம்பந்தியம்மா டெக்ஸாஸில் காப்பெல்லிலிருந்து வந்திருந்தார். நல்லவர்தான், ஆனால் ஜோசியர் சொல்லாமல் தும்மவும் மாட்டார். கார்த்திகை மாதத்தில், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ஒரு முகூர்த்தம். அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும், பிறகு தைதான். "முகூர்த்தம் மிஸ் ஆச்சுன்னா நான் தாலி கட்ட விட மாட்டேன். அதுல மட்டும் நோ காம்ப்ரமைஸ்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். தாலியைத் தன் கைப்பையிலேயே வைத்திருந்தார். அதையும் அண்ணாச்சி விடவில்லை.

"கைப்பையில வச்சா நீங்க பத்து தடவ தொறப்பீங்க சம்பந்தியம்மா. பதினெட்டாம் நம்பர் பெட்டியில வைங்க. நான் பொறுப்பு."

எப்படியோ அந்தம்மாள் கொடுத்துவிட்டார். எனக்கே ஆச்சரியம்தான்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்திலிருந்து போன். கூரையில் போகும் தண்ணீர்க் குழாய் வெடித்து, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். இன்றைக்கு யாரையும் உள்ளே விட முடியாது என்றார்கள். கோயில் ஹாலில் அதே முகூர்த்தத்துக்கு வேறொரு கல்யாணம். மற்ற இடங்களெல்லாம் லீவுக்குப் பூட்டிக் கிடந்தன. என் மனைவி அழ ஆரம்பித்தாள். மகள் பட்டுப்புடவையோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்து வாசலில் லாரியோடு நின்றிருந்த அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எல்லாம் போயிற்று என்றேன்.

"என்னவே போச்சு? ஒரு பெட்டியாவது தொறந்திருக்கா?"

"இல்லை."

"அப்ப கல்யாணம் எங்க வேணாலும் நடக்கும். அம்புட்டு பேரையும் என் கோடவுனுக்கு வரச் சொல்லும்."

இப்படித்தான் என் ஒரே மகளின் திருமணம் எலிசபெத் துறைமுகத்தின் பக்கத்தில், ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் பழைய சோபாக்களுக்கும் நடுவில் கூடிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு காலி கன்டெய்னரின் கதவுகளைத் திறந்து வைத்து, அதற்கு மாவிலைத் தோரணம் கட்டி மணவறை ஆக்கியிருந்தார்கள். குளிருக்குப் பட்டுப்புடவைக்கு மேல் ஜாக்கெட் போட்ட மாமிகள், தூரத்தில் பூதம் போலக் கிரேன்கள். நாதஸ்வரக்காரர் சுருதி சேர்க்கும்போது ஒரு கப்பல் ஊதியது. அவர் அதற்கும் தலையாட்டினார். சம்பந்தியம்மா சுற்றும் முற்றும் பார்த்து, "ஃபோட்டோவுக்கு இது வித்தியாசமா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். நான் மூச்சு விட்டேன்.

மாங்கல்யதாரணத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சாஸ்திரிகள் தாலியைக் கேட்டார். அண்ணாச்சி கம்பீரமாக நடந்து போய்ப் பதினெட்டாம் நம்பர் பெட்டியின் சீலை வெட்டி, மஞ்சள் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு மிக்ஸி ஜாரும் ஒரு ஜோடி ஸ்னோ பூட்ஸும் இருந்தன.

விஷயம் இதுதான். ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு அண்ணாச்சி கொடுப்பதும் இதே கறுப்புப் பெட்டி, இதே மஞ்சள் மூடி, ஒன்றிலிருந்து தொடங்கும் இதே நம்பர். சீல் போட்ட பெட்டி தரையில் கிடக்கக் கூடாது, கண்டதும் ஏற்று என்பது கோடவுன் மேஸ்திரி கார்லோஸுக்கு அவர் பல வருஷமாகப் போட்டிருக்கும் உத்தரவு. கார்லோஸ் உத்தரவை மீறாதவன். எங்கள் லாரியிலிருந்து இறங்கிய சில பெட்டிகளை இறங்கிய கையோடு தூத்துக்குடி கன்டெய்னரில் ஏற்றிக் கதவைச் சாத்தி, சீல் போட்டு அனுப்பியிருந்தான். வேறு யாரோ ஒரு குடும்பத்தின் பதினெட்டாம் நம்பர் இங்கே தங்கிவிட்டது. தாலி இப்போது துறைமுக வாசலில், லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"நல்ல நேரம் போயிண்டிருக்கு" என்றார் சாஸ்திரிகள்.

சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகளைப் பார்த்தேன். மேக்கப் கரையாமல் இருக்க மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கார்லோஸ் அண்ணாச்சியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். எனக்குப் பாதி புரிந்தது. வரிசையை விட்டு லாரி வெளியே வந்தால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். கப்பலுக்குப் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம் அதற்குள் முடிந்துவிடும். கப்பல் போய்விடும். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அண்ணாச்சி ஒரு கப்பலையும் தவறவிட்டதில்லை. அவர் விசிட்டிங் கார்டில் கம்பெனிப் பெயருக்கு அடியில் எழுதியிருப்பதே அதுதான்.

அண்ணாச்சி ஸ்னோ பூட்ஸ் பெட்டியை மூடி வைத்தார். பிறகு டிரைவருக்குப் போன் போட்டார்.

"டர்ன் அரவுண்ட்" என்றார். "யெஸ், ஐ நோ. டர்ன் அரவுண்ட்."

லாரி வந்து நின்றது. சீலை வெட்டும் பெரிய கத்திரியைக் கார்லோஸ் நீட்டினான். அண்ணாச்சி வாங்கிச் சீலில் வைத்தார், எடுத்துவிட்டார். அத்தனை வருஷத்தில் ஏற்றிய பெட்டியை நடுவழியில் அவர் திறந்ததே இல்லை. மதினி பக்கத்தில் போய், "வெட்டுங்க. முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். வெட்டினார். கடைசியாக ஏற்றியதால் எங்கள் பதினெட்டாம் நம்பர் கதவை ஒட்டியே இருந்தது. அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, தாலியை நெஞ்சோடு அணைத்தபடி மணவறைக்கு ஓடினார் பாருங்கள், அதைப் போல ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. முகூர்த்தம் முடியுமுன் தாலி ஏறியது. அட்சதை போட்ட கையாலேயே சம்பந்தியம்மா அண்ணாச்சியைக் கும்பிட்டார்.

சாயங்காலம், எல்லாரும் போன பிறகு தேடினேன். அண்ணாச்சி கோடவுன் வாசலில் நாற்காலி போட்டு, நியூயார்க் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கன்டெய்னரில் சாமான் ஏற்றிய குடும்பங்களுக்கெல்லாம் அவரே போன் போட்டு, "ஒரு வாரம் தாமதம், நம்ம வீட்டுல ஒரு கல்யாணம்" என்று சொல்லிவிட்டாராம்.

"ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

"அடுத்த வாரம் இன்னொரு கப்பல் வரும் வே. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு இன்னைக்கு வருமா?" என்றவர், சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா, நான் கப்பல விட்டுட்டேன்னு ஒருத்தன் கிட்டயும் சொல்லிராதேயும். தொழில்ல பேரு கெட்டுரும்."

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, இதோ ஊருக்கே சொல்லிவிட்டேன். பெயர் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும். என் பெண்ணுக்காக நீங்கள் விட்ட கப்பலைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?