குதிரை நானாவின் நூற்றி இருபது குதிரைகள்

இலங்கைத் தீவிலேயே நூற்றி இருபது குதிரைகளைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, அதில் ஒன்றைக்கூட ஓடவிடாத ஒரே மனுசர் எங்கட கண்டக்குழி குதிரை நானாதான். குதிரைகள் அத்தனையும் அவருடைய வெள்ளைக் காருக்குள் இருந்தன. காருக்கு வயது முப்பது.

கணக்கு அவருக்கு மனப்பாடம். "காரோட வந்த புத்தகத்துல நூறு குதிரை எண்டு போட்டிருக்கு. எயார் ஃபில்டர் மாத்தினேன், அது எட்டு. சைலன்சரைக் கழட்டிட்டுப் பெரிய குழாய் போட்டேன், அது பன்னெண்டு. கூட்டிப் பாரு."

கூட்டினால் வரத்தான் செய்யும். குழாயைச் செய்து கொடுத்தவர் படகுகளுக்கு இரும்பு ஒட்டுகிறவர். அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஆலங்குடாவில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் இடி இடிக்கிறதென்று கரையேறி ஓடியதாக ஒரு கதை உண்டு. கதையைக் கட்டிவிட்டது நான்தான்.

"முப்பது வருசத்துக்குப் பிறகும் அந்த நூறு அப்படியே இருக்குமா நானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புல்லுத் தின்னுற குதிரைதான்டா கிழடாகும்" என்றார்.

நானாவுக்கு வலைக்கடை. திங்கட்கிழமைகளில் சாமான் எடுக்கப் புத்தளம் போவார். அங்கே அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த என்னையும் ஏற்றிக்கொள்வார். வேகமுள் நாற்பதைத் தாண்டாது. மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போகும்போது சலாம் சொல்லிவிட்டுப் போனதுண்டு. றோட்டில் கழுதைகள் படுத்திருந்தால், இஞ்சினை நிற்பாட்டிவிட்டு அவை எழும்பும் வரைக்கும் காத்திருப்பார்.

"நானா, கொஞ்சம் மிதிங்களேன்."

"எதுக்கு? நினைச்சா இப்பவே பறக்கலாம். அந்த நினைப்புப் போதும்."

சொல்லிவிட்டு ஒரு கையை வெளியே நீட்டிக் காற்றைத் தடவுவார். ஒரு பக்கம் களப்புத் தண்ணீர் மினுங்கும். தூரத்தில் காற்றாலைகள் தூக்கக் கலக்கத்தில் சுற்றும். நூற்றி இருபது குதிரைகளும் கடல்மேல் நடந்து வருவதுபோல் எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிடும். கந்தோரில் என் பெயருக்கு நேரே, பிந்தி வந்ததற்கான சிவப்புக் கோடு விழுந்துகொண்டே இருந்தது.

வம்பு வந்தது பௌசியால். உச்சமுனைத் தீவுக்கு ஆள் ஏற்றுகிற படகுக்காரர். எங்கள் கரையில் குதிரை என்றால் படகு இஞ்சின்தான். எட்டுக் குதிரை, பதினைந்து, இருபத்தைந்து. நாற்பது வைத்திருப்பவர் ராசா. பௌசியிடம் நாற்பது இருந்தது.

"நூத்தி இருபதா? அப்படியெண்டா மூணு படகை ஒண்ணாக் கட்டி இழுக்கோணும். உங்கட கார் கழுதையைக் கூட முந்தாது" என்றார், தேத்தண்ணிக் கடை நிறைய ஆள் இருக்கும்போது.

நானாவின் முகம் சிவந்தது. "வல்லாஹி! குதிரை அளக்கிற மெஷின்ல ஏத்திப் பார்க்கிறேன். நூத்துக்குக் குறைஞ்சா காரை வித்திடுறேன்!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்கள். வல்லாஹி என்று அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணிய பிறகு அது விளையாட்டுக் கதை இல்லை.

மெஷின் நீர்கொழும்பில். விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நடுப்பகல் லுஹருக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். காரை உருளைகளின்மேல் ஏற்றிக் கட்டி, மெஷின்காரர் மிதித்தார். கார் நின்ற இடத்திலேயே மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தாண்டி ஓடியது. நானா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். தன் காரின் சக்கரம் அந்த வேகத்தில் சுற்றுவதை அவர் கண்டதே இல்லை. கனவில் சிரிக்கிற குழந்தையின் முகம் அவருக்கு.

பிறகு கடதாசி வந்தது. அறுபத்தெட்டு.

"புத்தகத்துல இருக்கிறது புது இஞ்சின்ட கணக்கு, மஹத்தயா" என்றார் மெஷின்காரர், சிங்களம் கலந்த தமிழில். "சக்கரத்துக்கு வரக்குள்ள குறையும். வயசுக்கும் குறையும். ஃபில்டர், குழாய் எல்லாம் சத்தம் மட்டும்தான் கூட்டியிருக்கு."

திரும்பி வரும்போது நானா கையை வெளியே நீட்டவில்லை. சிலாபம் தாண்டிய பிறகு நான் மெதுவாகச் சொன்னேன்: "கடதாசியைக் கிழிச்சுப் போட்டிடுவோம் நானா. ஆருக்குத் தெரியப் போகுது?"

"படைச்சவனுக்குத் தெரியாதா?" என்றார்.

மறுநாள் பின்னேரம் அஸருக்குப் பிறகு தேத்தண்ணிக் கடைக்குப் போய், நடுவில் நின்று, கடதாசியைத் தானே வாசித்தார். "அறுபத்தெட்டு. காரை விக்கப் போறேன். ஆரும் இருந்தாச் சொல்லுங்க."

சிரிப்பு வரும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். வரவில்லை.

"அறுபத்தெட்டா?" பௌசி எழும்பிவிட்டார். "யா அல்லாஹ்! நாப்பதுக்கே என்ட படகு மூக்கைத் தூக்குது. அறுபத்தெட்டை வெச்சிட்டா நீங்க கழுதைக்கு வழி விட்டுக்கொண்டிருந்தீங்க?"

நூற்றி இருபதை ஒருநாளும் நம்பாத ஊர், அறுபத்தெட்டைக் கேட்டு வாயைப் பிளந்தது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே. நானா சாவியை மேசையில் வைத்தார்.

"எடுங்க அதை" என்றார் பௌசி. "சத்தியத்தை முறிச்சாக் கஃப்பாரா எண்டு பரிகாரம் இருக்கு. பத்து ஏழைக்கு வயிறாரச் சோறு குடுங்க, முடிஞ்சுது."

"பத்து ஏழைக்கு இப்ப நான் எங்க போக?"

பௌசி கையைத் தூக்கினார். "நான் ஒரு ஏழை."

"உனக்கு ரெண்டு படகும் மாடிவீடும் இருக்குடா!"

கடை முதலாளி கையைத் தூக்கினார். ஐஸ் தொழிற்சாலைக்காரர் தூக்கினார். சாவியைத் திருப்பி எடுக்க வைக்க, ஊரில் உள்ள பணக்காரனெல்லாம் ஏழையானான். "கள்ளன்மாரே" என்று ஏசிக்கொண்டே நானா எண்ணினார். ஒன்பது.

சோறு அடுத்த வெள்ளிக்கிழமை உண்மையான பத்து ஏழைகளுக்குத்தான் போனது, அதே காரில், நாற்பதைத் தாண்டாத வேகத்தில். எங்களுக்கு ஒரு பருக்கையும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் பத்தாவதாக எழும்பிய கை, மாதம் தவறாமல் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற என்னுடையது. அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.