கிருமியற்ற கடல்

கடலுக்குச் செய்யவேண்டிய தேசப் பணிகள் அனைத்தும் கடலே இல்லாத டில்லியில்தான் செய்து முடிக்கப்படுகின்றன. அவற்றில் தலையாயவை கடல் நல இயக்ககத்தின் பணிகள். ஏழு மாடி, இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று ஓடும். அமைச்சகச் செயலாளர் பார்வையிட வருகிறார் என்றதும், வரவேற்பறையில் ஒரு கடல் இருப்பதே மரியாதை என்று இயக்குநர் கல்யாணராமன் தீர்மானித்தார். கண்ணாடித் தொட்டிக்குள் அடங்குகிற கடல்தான்.

"பத்மநாபன், நீங்க தூத்துக்குடிதானே? அப்ப டேங்க் உங்க பொறுப்பு."

செக்‌ஷன் ஆபீசர் பத்மநாபன் தூத்துக்குடியில் கடலைப் பார்த்ததோடு சரி. காலை நனைத்தால் சளி பிடிக்கிற ஆசாமி. ஆனால் அவரைக் குவாஹாட்டிக்கு மாற்றும் கோப்பு இயக்குநரின் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் ஷ்ருதி பன்னிரண்டாம் வகுப்பு. இந்த நேரத்தில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் அவள் படிப்பு என்ன ஆவது? ஆகவே கடலை ஏற்றுக்கொண்டார்.

உப்புத் தண்ணீர், மணல், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்கள் எல்லாம் வந்து இறங்கின. கடைக்காரர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மீனின் கழிவும், கல்லில் செத்து அழுகுகிறவையும் அமோனியா என்ற விஷமாகும். அதைத் தீர்த்துக்கட்டுவது கல்லிலும் மணலிலும் குடியிருக்கிற பாக்டீரியா. அது பெருக ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒரு மீன்கூடக் கூடாது.

பத்மநாபன் கோப்பு திறந்தார். தினமும் பத்தரைக்குச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து அமோனியாவைக் குறித்தார். நான்கு. மூன்று. ஒன்று. அடேயப்பா! இருபது வருஷ சர்வீஸில் ஒரு வேலை தானாக நடந்துகொண்டே போவதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்தப் பாக்டீரியா ஊழியர்கள் டீ குடிக்கப் போகவில்லை, பஞ்சப்படி கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் உழைத்தார்கள். அவருக்கு அவர்கள்மேல் பாசமே வந்துவிட்டது.

"அப்பா, மச்லி எப்போ வரும்?" என்றாள் ஷ்ருதி.

"மொதல்ல பாக்டீரியா வேல செய்யணும்ட்டி. அதுக்கப்புறந்தான் மீனு."

ஐந்தாம் வாரம் 'தூய்மை இருவார விழா' தொடங்கியது. கல்லெல்லாம் பழுப்புப் படர்ந்திருந்ததைக் கல்யாணராமன் கண்டுவிட்டார்.

"அரே, என்னய்யா இது அழுக்கு? மீனையும் காணோம்!"

"அது தானா போயிடும் சார். கல்லுல பாக்டீரியா வளர்ந்துட்டிருக்கு. இன்னும் ஒரே வாரம்..."

"பாக்டீரியாவா! தூய்மை விழாவுல, என் ரிசப்ஷன்லயா? வியாழக்கிழமை செகரெட்டரி வரார். ஜல்தி எல்லாத்தையும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்லுங்க."

"கழுவினா அப்புறம் விடற மீன் செத்துடும் சார்."

"கழுவாட்டி நான் செத்துடுவேன். அச்சா, உங்க குவாஹாட்டி ஃபைல் இங்கதான் எங்கயோ கெடக்கு..."

பத்மநாபன் 'கழுவலாம்' என்று குறிப்பெழுதினார். கையெழுத்து நன்றாகவே வந்தது.

கல்லும் மணலும் பளபளவென்று ஆயின. புதுத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் அமோனியா பூஜ்யம். புதுத் தண்ணீரில் வேறென்ன இருக்கும்?

"ஒரு வாரம்னீங்க, ஒரே நாள்ல முடிச்சுட்டோம் பாத்தீங்களா!" என்று மகிழ்ந்தார் கல்யாணராமன்.

ஆரஞ்சு நிறத்தில் நான்கு மீன்கள் விடப்பட்டன. செயலாளர் நான்கு நிமிடம் நின்று பார்த்து, "ப்யூட்டிஃபுல்" என்றார். வெள்ளிக்கிழமை மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்தன. திங்கட்கிழமை நான்கும் மல்லாந்து மிதந்தன. காரணம் கேட்டு மெமோ வந்தது. 'டில்லிக் காற்று மாசு' என்று பத்மநாபன் எழுதினார். அன்றே ஒப்புதல் கிடைத்தது. குவாஹாட்டிக் கோப்பும் மூடப்பட்டது.

"அப்பா, மச்லி எப்படி இருக்கு?" என்ற ஷ்ருதியிடம், "நல்லாருக்கு" என்றார். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

விழாவின் கடைசி நாள் இயக்ககத்துக்குச் சான்றிதழ் வந்தது: 'கிருமியற்ற அலுவலகம்'. முழுக்க முழுக்க உண்மை. அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களை அடியோடு ஒழித்துவிட்டு, தின்று அழுக்குப் பண்ணுகிறவர்களை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து கைதட்டினார்கள். முதல் வரிசையில் பத்மநாபன்.