டோர்க் பேசிப் பெண் கேட்ட கதை

எதைப் பற்றி நமக்குக் கால்வாசி மட்டும் தெரியுமோ, அதைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுவோம். முழுதாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சும்மா இருந்துவிடுகிறார்கள். இந்த உண்மை எனக்கு இருபத்தொன்பதாவது வயதில், ஒரு சரளைக்கல் குழியின் நடுவில், வருங்கால மாமியாரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. கொஞ்சம் முன்னதாக விளங்கியிருந்தால் ஒரு சோடி டயராவது மிஞ்சியிருக்கும்.

அப்போது என்னிடம் ஒரு டீசல் வாகன் இருந்தது. நீளமாய், பின்பக்கம் பெட்டி பெட்டியாய் இருக்குமே, அந்தக் குடும்பக் கார். மூன்றாம் கை. தொழிலில் நான் மென்பொருள் சோதிப்பவன். கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தும் இணையக் காணொளிகளில் தொப்பி போட்ட ஒருவர் சொன்னவை. "குதிரைவலு விளம்பரத்துக்கு. பந்தயத்தை வெல்வது டோர்க்" என்று அவர் ஒருநாள் சொன்னார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். டோர்க் என்றால் முறுக்குவிசை. எஞ்சின் எவ்வளவு பலமாக முறுக்கித் தள்ளுகிறது என்கிற கணக்கு. என் டீசல் வண்டியில் அது தாராளமாக இருந்தது. குதிரைவலு, அதாவது ஹார்ஸ்பவர்தான் சுமார். நம்மிடம் இருப்பதே உலகில் உயர்ந்தது என்று சொல்லும் தத்துவத்தை யார்தான் மறுப்பார்கள்?

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் என் அண்ணையும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடு அண்ணைக்கு டோர்க்கும் பரிமாறப்பட்டது. ஒருநாள் அவர் பொறுமை இழந்து சொன்னார்: "தம்பி, நீ கதைக்கிற டோர்க்கை வச்சு அந்தக் குப்பைப் பையைக் கீழ கொண்டுபோய்ப் போடு பாப்பம்."

இப்படி இருக்கையில்தான் மீராவின் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீராவும் நானும் இரண்டு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தோம். அவளுடைய பெற்றோர் சென்னைக்காரர்கள். வந்து முப்பது வருடம். மொன்ட்ரியால் தீவின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அப்பா இதய மருத்துவர். அம்மா வசந்தா அங்கேயே விவசாயக் கல்லூரியில் பேராசிரியை. என்ன பாடம் என்று நான் கேட்கவில்லை. விவசாயம் என்றால் தக்காளி, வெண்டிக்காய் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சாப்பாடு என்று பெயர்; உண்மையில் அது நேர்முகத் தேர்வு. அண்ணை வாசல்வரை வந்து புத்தி சொன்னார்: "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. கேட்டா மட்டும் கதை. ஓம் எண்டு சொல்லு, நன்றி எண்டு சொல்லு, எழும்பி வா. விளங்குதோ?"

"ஓம்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே ஒழுங்கான 'ஓம்' அதுதான்.

டாக்டர் அதிகம் பேசாத மனிதர். சாம்பார் ஊற்றும்போது மரியாதைக்குக் கேட்டார்: "கார்லயா வந்தீங்க?"

இந்த இரண்டு சொல் கேள்விக்கு நான் நாற்பது நிமிடம் பதில் சொன்னேன். கைத்துடைப்பான் காகிதத்தை விரித்து அதில் டோர்க் வளைகோடு வரைந்தேன். ரசம் கொட்டிய இடத்தில் குதிரைவலுவை வரைந்தேன். (திட்டமிட்டு அல்ல. ஆனால் பொருத்தமாக இருந்தது.) டாக்டர் தயிருக்குப் போய்விட்டார். மீராவின் அம்மா, எனக்கு அன்ரி, மட்டும் தாடையில் கைவைத்து, கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ ரேஸ்லயும் டார்க்தான் முக்கியமா தம்பி?" (சென்னையில் அது டார்க், எங்களுக்கு டோர்க். தள்ளுவது ஒன்றுதான்.)

"ஓம் அன்ரி. வளைவு முடிஞ்சு வெளிய வரேக்கை ஆர் கெதியா இழுக்கிறானோ அவன்தான் வெல்லுவான். குதிரைவலு சும்மா பேப்பரிலதான்."

"அப்படியா! நேர்ல பாக்கணும் போல இருக்கே."

மேசைக்கு அடியில் மீரா என் காலை மிதித்தாள். அது காதல் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து நகரத்துக்கு வடக்கே, மலைப்பக்கத்தில் இருக்கும் ஒரு பந்தயத் தடத்துக்கு எல்லோரும் போனோம். ஓட்டுநர் சங்கம் ஒன்று நடத்தும் பயிற்சி நாள் அது. சாதாரணக் கார்களை நிஜமான பந்தயப் பாதையில் ஓட்டலாம். பந்தயம் அல்ல, பரிசும் இல்லை. புதியவர்கள் குழுவில் ஒரு விதி: நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி, ஒரு விரலால் 'இந்தப் பக்கத்தால் போ' என்று காட்டினால்தான். இந்த விதியைப் படித்தபோது, எனக்காக எத்தனை பேர் கைநீட்டப் போகிறார்களோ என்று இரக்கப்பட்டேன்.

டாக்டர் மடக்கு நாற்காலிகளும் பிளாஸ்க்கும் கொண்டுவந்தார். அன்ரி இட்லியும் மிளகாய்ப்பொடியும். அண்ணை வேலைக்கு லீவு போட்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சாட்சிக்கு ஆள் வேணுமெல்லே" என்றார்.

காலையில் பிரெஞ்சு பேசும் ஒரு கெபெக்காரப் பயிற்சியாளர் என்னோடு இருந்து ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் 'டூஸ்மோ, டூஸ்மோ' என்று, மெதுவாக மெதுவாக என்று கெஞ்சினார். இறங்கும்போது என் வண்டியின் கூரையைத் தட்டி, "இது நிறையக் கார்" என்று பிரெஞ்சில் சொன்னார். பாராட்டு என்று நினைத்து, நன்றிக்கு 'மெர்சி' சொன்னேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வேண்டியவர் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நான் மீராவைப் பார்த்தேன். அன்ரி எழுந்து, கையில் இருந்த இட்லிப்பொடியைத் தட்டிவிட்டு, "நான் வரேன்" என்றார்.

"வசந்தா, பி.பி. மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டார் டாக்டர்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது. கூரை இல்லை, இரண்டே இருக்கை. ஓட்டப்போகிறவர் லூசி என்கிற வெள்ளி முடிப் பெண்மணி, அறுபதைத் தாண்டியிருக்கும். அதன் எஞ்சின் என்னுடையதைவிடச் சின்னது. டோர்க் என் வண்டியில் பாதிகூட இல்லை. கண்ணாடியில் பார்த்து எனக்கு மனது கரைந்தது. "பாவம் அன்ரி, அந்த அம்மா எங்களுக்குப் பின்னால மாட்டிக்கொண்டா" என்றேன்.

பச்சைக் கொடி. முதல் கொண்டை ஊசி வளைவு. திரும்பி வெளியே வந்து காலை அழுத்தினேன். வாகன் எங்கள் இருவர் முதுகையும் இருக்கையில் ஒட்டிவிட்டது. கண்ணாடியில் சிவப்புக் கார் சத்தியமாகச் சின்னதாகிப் போனது.

"பாத்தீங்களே அன்ரி! இதுதான் டோர்க்!"

அந்த நான்கு வினாடிகள் என் வாழ்க்கையின் பொற்காலம். ஐந்தாவது வினாடியில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தொட்டது. டீசலுக்கு மூச்சு முடிந்தது. மூன்று மாடி ஏறிய மாமாவைப்போல ஒரு சத்தம். அடுத்த கியருக்கு மாற்றினேன், தள்ளுதல் பாதியானது. பின்னால் குளவி இரைவதுபோல ஏதோ கேட்டது. லூசி இன்னும் கியர் மாற்றவே இல்லை. ஏழாயிரம் சுற்றில் அந்தச் சின்ன எஞ்சின் பாடிக்கொண்டு வந்தது. நேர்ப்பாதை முடிவதற்குள் கண்ணாடி முழுக்கச் சிவப்பு. அடுத்த வளைவுக்கு என் பாரத்தை நிறுத்த நான் முன்கூட்டியே பிரேக் பிடிக்கவேண்டியிருந்தது. அவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

கையை நீட்டினேன். லூசி போனார்.

அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார். பிறகு ஒரு நீலம். பிறகு, பின்கண்ணாடியில் 'குழந்தை உள்ளே' என்று ஒட்டியிருந்த ஒன்று. பிரேக், கியர், வளைவு, கைகாட்டல் என்று நான்கு வேலை, இரண்டு கை. நான் திணறுவதைப் பார்த்து அன்ரி சொன்னார்: "தம்பி, நீங்க ஓட்டுறதைப் பாருங்க. வழி விடுறதை நான் பாத்துக்கறேன்."

தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். விதிப்படி ஒரு விரலைத்தான் நீட்டவேண்டும். அன்ரி கல்யாண மண்டப வாசலில் நிற்பதுபோல முழுக் கையையும் விரித்து, "வாங்க, வாங்க!" என்று வரவேற்றார். சிலருக்கு 'போன்ஜூர்' வேறு. அவர்களும் கையசைத்துவிட்டுப் போனார்கள். ஐந்து சுற்றில் பதினொரு பேரை நாங்கள் உபசரித்து அனுப்பினோம். பன்னிரண்டாவதாக மறுபடி லூசி வந்தார். ஒரு முழுச் சுற்று முன்னால் போய்விட்டு.

அங்கேதான் எனக்கு ரோசம் வந்தது. லூசி எங்கே பிரேக் பிடிக்கிறாரோ அங்கேதான் நானும் பிடிப்பேன் என்று முடிவு செய்தேன். கொண்டை ஊசி வளைவு நெருங்கியது. அவருடைய சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மிதித்தேன். ஐந்து சுற்றாகச் சூடேறிப் போயிருந்த பிரேக், களி உருண்டையை மிதித்ததுபோல உள்ளே போனது. லூசி திரும்பினார். நாங்கள் திரும்பவில்லை. 'நிறையக் கார்' என்றால் நிறையப் பாரம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தடம் விலகும் கார்களைப் பிடித்து நிறுத்த வளைவோரம் வைத்திருக்கும் சரளைக் குழிக்குள் கடகடவென்று இறங்கி, புழுதிக்கு நடுவே நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தடம் முழுக்கச் சிவப்புக் கொடி விழுந்தது. ஓடிய கார்கள் எல்லாம் நின்று எங்களைப் பார்த்தன. நான் அவசரமாக ஆக்சிலேட்டரை அழுத்தினேன். அன்று முதல்முறையாக டோர்க் முழுமையாக வேலை செய்தது: முன்சக்கரம் இரண்டும் டயர் கிழிய அச்சுவரை புதைந்தன.

"போதும் தம்பி" என்றார் அன்ரி. "கொஞ்சம் அதிகமாவே இருக்கு டார்க்."

எங்களை இழுக்க ஒரு பழைய டிராக்டர் வந்தது. அதைக் கண்டதும் அன்ரி கதவைத் திறந்து இறங்கி, திருவிழாவில் சொந்தக்காரரைப் பார்த்தவர்போல விரைந்தார். ஓட்டுநரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்ல, இவர் எஞ்சின் மூடியைத் தட்டிச் சிரிக்க, அங்கே ஒரு மாநாடே தொடங்கிவிட்டது.

"தம்பி, இதுக்கு உங்க காரோட ஹார்ஸ்பவர்ல பாதிதான். இப்போ இழுக்கறதைப் பாருங்க!"

"அன்ரிக்கு டிராக்டர் பற்றித் தெரியுமோ?"

"இருபத்தாறு வருஷமா டிராக்டர் எஞ்சினைத்தானே டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன். என் பாடமே அதுதான்."

"விவசாயம் எண்டு..."

"விவசாயம்னா வெண்டைக்காய் மட்டுமா?"

சரளைக் குழி இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. "அண்டைக்குச் சாப்பிடேக்கை ஏன் அன்ரி சொல்லேல்லை?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல எப்படிப் பேசறது?" கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்: "தள்ளுற பலம் டார்க். அந்தப் பலத்தை எவ்வளவு வேகத்துல குடுக்கறோம்கிறது ஹார்ஸ்பவர். உழறவனுக்கு அவசரம் இல்ல. அந்த அம்மாவுக்கு இருக்கு. ஏழாயிரம் சுத்து சுத்தி, கியரை வச்சு அதையே சக்கரத்துல டார்க்கா மாத்திக்கறாங்க." சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இப்படியாக, நடக்கிற வேகத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் ஊர்வலம் போனேன். முன்னே டிராக்டரில் ராணிபோல அன்ரி; பின்னே கயிற்றில் நான். மீரா சிரித்துச் சிரித்து அழுதுகொண்டிருந்தாள். அண்ணை வீடியோ எடுத்தார். கை நடுங்காமல், மிகவும் நேர்த்தியாக.

டாக்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். சம்மதம் சொல்கிறார் என்று கண் கலங்கப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடித்துடிப்பு நூத்தி நாப்பத்திரெண்டு" என்றார். "கார் இவ்வளவு போகலை போல இருக்கே."

தன் அப்பா பகடி சொல்லி அன்றுதான் முதல்முறை கேட்டதாக மீரா பிறகு சொன்னாள்.

நலம் விசாரிக்க வந்த லூசி, அன்ரியோடு பேசி, அடுத்த சுற்றுக்குச் சிவப்புக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அன்ரியின் முகம் வேறாக இருந்தது. தலைமுடி ஒரு பக்கம், பொட்டு ஒரு பக்கம். "நான் பாத்த எஞ்சின் எல்லாம் ரெண்டாயிரத்துலயே வாழ்ந்து முடிச்சிடும்" என்றார், யாரையும் பார்க்காமல். "இது ஏழாயிரத்துல பாடறது!"

என் கதை முடிந்தது என்று நம்பித்தான் வீட்டுக்கு வந்தேன். "பொம்பிளை கேக்கப் போனவன் குழிக்கை விழுந்திட்டு வந்திருக்கிறான்" என்று அண்ணை கனடா முழுக்கத் தொலைபேசியில் அறிவித்தார். புதன்கிழமை அன்ரியிடமிருந்து அழைப்பு வந்தது. எழுந்து நின்று எடுத்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். உங்க வாகன் பின்னாடி டிரெய்லர் மாட்டற கொக்கி இருக்கா?"

"இல்லை அன்ரி. ஆனா பூட்டலாம்."

"பூட்டிருங்க. லூசி வச்சிருக்கற மாதிரியே ஒண்ணு பாத்திருக்கேன், நீலக் கலர். ரோட்டுல ஓட்ட லாயக்கில்ல, தடத்துக்கு இழுத்துட்டுத்தான் போகணும். அப்புறம், கல்யாணத்துக்கு நாள் பாக்கலாம்னு இவர் சொல்றார். கொக்கி நல்லதா பாத்து வாங்குங்க."

ஒரே மூச்சில் சொன்னார். எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் கொக்கிக்குச் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு கோடையிலும் இதுதான். மாமியாகிவிட்ட அன்ரி ஓட்டுவார், நான் இழுத்துப் போவேன். நீலக் காரை முதுகில் கட்டிக்கொண்டு என் கிழட்டு டீசல் மலையேறும்போது மூச்சுக்கூட வாங்குவதில்லை. மாமி இரண்டு வருடத்தில் அடுத்த குழுவுக்குத் தேறிவிட்டார். நான் வேலியோரம் நின்று அவருடைய டயரில் காற்றுப் பார்க்கிறேன்.

கல்யாணத்தன்று மாலை மாற்றும் நேரத்தில் யாரோ ஒரு மாமா, "மாப்பிள்ளை முறுக்கு ஏதும் இருக்கா?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் முகத்தை மாற்றாமல், "முறுக்கு நிறைய இருக்கு. ஹார்ஸ்பவர்தான் கம்மி" என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் சோபா நகர்த்தவேண்டுமா, அரிசி மூட்டை ஏற்றவேண்டுமா, "முறுக்கு மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்பதுதான் கட்டளை.

போன மாதம் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், என் மகளிடம், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு வயது. யோசித்து, பிரெஞ்சில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: "அப்பா அம்மம்மாவை இழுத்துக்கொண்டு போறவர்."

கூட்டிவரப் போனபோது ஆசிரியை, உண்மையிலேயே அதுதான் வேலையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஓம்" என்றேன். "கோடை காலத்தில் மட்டும்."