குப்பையே சேராத குடும்பம்

அன்பு மகள் லூட்கார்ட்டுக்கு அப்பா ஒடிலோன் எழுதிக்கொள்வது. நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் மாப்பிள்ளை யோரிஸும் குழந்தைகளும் கென்ட்டில் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

விஷயம் அவசரம். போன வாரம் நகராட்சியிலிருந்து, "உங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும் பாராட்டுகள்" என்று ஒரு கடிதம். தெருவிலேயே நம் வீட்டுக் குப்பைதான் எடை குறைவாம். வண்டி தொட்டியைத் தூக்கும்போதே எடை பார்க்கிறதல்லவா, நம்முடையதைத் தூக்கியவர்கள் இயந்திரம் பழுதென்று நினைத்து இரண்டு முறை குலுக்கினார்களாம். மறுநாளே நகராட்சிப் பெண் ஒருத்தி நோட்டும் கையுமாக வந்துவிட்டாள்.

"வீட்ல எத்தன பேருங்க ஐயா?" என்று கேட்டாள். அவள் கேட்ட சந்தோஷத்தில் ஐந்து பேர் என்று வாயில் வந்துவிட்டது. "அஞ்சு பேர் இருந்தும் இவ்ளோ கொஞ்சமா? எப்படிங்க?" என்றாள். சொன்னேன். மீந்த உருளைக்கிழங்கு மறுநாள் சூப்பாகிவிடும், காய்ந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்து இனிப்பாகச் சுடுவோம், கடிதம் வந்த உறையின் முதுகில்தான் கடைச் சாமான் பட்டியல், தட்டில் மிச்சம் வைத்தால் அதே தட்டு இரவும் வரும் என்று உன் அம்மா இருந்தபோது நடத்திய சட்டதிட்டமெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொய்யில்லை லூட்கார்ட், வருடம்தான் கொஞ்சம் பழையது. அவள் எழுத எழுத எனக்குப் பேச்சு நிற்கவில்லை. காபி கொடுத்தேன், ஆறிப்போனதும் இன்னொன்று போட்டுக் கொடுத்தேன்.

பிறகு காய்கறித் தோலை மக்கவைக்கும் உரத்தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். திறந்தால் உள்ளே என் பழைய மழைக்காலணியும் ஒரு சிலந்தியும். "கழுவிக் காய வெச்சிருக்கோம்," என்றேன். "பசங்க எங்கங்க?" "பள்ளிக்கூடம்." "ஜூலை மாச லீவுலயா?" "நீச்சல் பள்ளிக்கூடம்மா," என்றேன். நான் இவ்வளவு சாமர்த்தியசாலி என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசியில், "ஞாயித்துக்கெழமை மத்தியானம் படம் எடுக்க ஆள் அனுப்புறேன். எல்லாரும் சாப்பாட்டு மேஜையில இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே நீங்கள் நால்வரும் வந்தே தீர வேண்டும். உலர்ந்த பிளம் போட்டு முயல் கறி சமைக்கிறேன். மாப்பிள்ளை கீரையை ஓரமாகத் தள்ளக் கூடாது, படத்தில் தெரியும். சின்னவன் வானஸ் என்னை "அந்தத் தாத்தா" என்று கூப்பிடாமல் வெறும் "தாத்தா" என்றால் நல்லது. நேற்று ஒத்திகைக்கு ஐந்து தட்டு வைத்துப் பார்த்தேன். பிறகு அழுக்காகாத நான்கையும் சேர்த்தே கழுவி அடுக்கினேன்.

எல்லோருக்கும் என் முத்தங்களும் ஆசிகளும். கர்த்தர் உங்களுக்கு ரயிலில் ஜன்னல் இடம் கொடுப்பாராக.

அப்பா

பி.கு.: முந்தாநாளே நகராட்சிக்கு போன் செய்து அந்தப் பெண்ணிடமே, "நான் ஒண்டிக்கட்டைம்மா. ஒத்த ஆள் சாப்பிட்டா என்ன குப்பை வரும்?" என்று சொல்லிவிட்டேன். அவள் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பரவால்லைங்க ஐயா," என்றாள். பாராட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். இது தெரிந்துதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.