துட்டி வீட்டுப் பீடித்தட்டு

நெஞ்சுவலி வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கிடந்து பிழைச்சு வந்ததுல இருந்து மாயகிருஷ்ணனுக்குப் பீடி கிடையாது. இன்னொரு தடவை வலி வந்தா இங்கன கொண்டு வர்றது வீண் செலவுன்னு டாக்டர் சொல்லாமச் சொல்லிட்டாரு. மனுசன் தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி. ஊரு ஒலகத்துக்கே நெருப்பு அனுப்புதவருக்குப் பத்த வைக்க ஒண்ணும் இல்ல.

பொஞ்சாதி வெயிலம்மாள் கோவில்பட்டியில ஒரு பெட்டிக்கடை விடல. எங்க வீட்டு ஆளுக்குப் பீடி குடுத்தா, பாடையை ஒங்க கடை வாசல்லதான் எறக்குவேன்னு சொல்லிட்டு வந்தாக. அதுக்கப்புறம் இவரு போய் நின்னாலே கடைக்காரங்க வாழைப்பழத்தை நீட்டுனாங்க.

படுத்துக்கிட்டே யோசிச்சாரு. எந்தப் பொஞ்சாதியும் தடுக்க முடியாத எடம் ஒண்ணு இருக்கு. துட்டி வீடு. செத்த வீட்டு வாசல்ல, வந்த ஆம்பளைகளுக்குன்னு தட்டுல வெத்தலையும் பீடிக்கட்டும் வைப்பாக. யாரும் கேக்க மாட்டாக. திரும்பி வந்து குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்கிறது மொறை. பீடி நாத்தம் தண்ணியோட போயிரும்.

அன்னையிலேர்ந்து எழவு எங்கன்னாலும் இவருதான் மொத ஆளு. எட்டயபுரத்துல கொழுந்தியா மாமனாரோட பங்காளி. ஓட்டப்பிடாரத்துல யாருன்னே தெரியாத ஒருத்தர். அங்கன இவரு அழுத அழுகையில வீட்டுக்காரங்களே ஆறுதல் சொன்னாங்க.

அப்புறம் பரமசிவன் போயிட்டாரு. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில். அதே வலி, அதே மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் பழையபடி பீடி.

கேட்டதும் மாயகிருஷ்ணன் தன்னோட மாத்திரையை எடுத்துப் பாத்தாரு. ஆனாலும் போனாரு. இந்தத் தடவை வெயிலம்மாளும் கூட வந்து, பொம்பளைகளோட உள்ள ஒக்காந்துட்டாக. தட்டு வந்துச்சு. செத்தவனைப் பாத்தாரு, தட்டைப் பாத்தாரு. கை தட்டுக்குத்தான் போச்சு. பத்த வைக்கவும் உள்ளேயிருந்து ஒப்பாரி கெளம்புச்சு.

"பக்கத்துக் கட்டில் படுத்த அண்ணே,
பத்தியம் மறந்து போனீயளே...
நீங்க போன பாதையைப் பாத்துக்கிட்டு
எங்க வீட்டு ஆளும் நிக்காவளே,
பீடியும் கையுமா நிக்காவளே..."

மத்த பொம்பளைக அழுகையை நிப்பாட்டிட்டுத் திரும்பிப் பாத்தாக. பரமசிவன் பொஞ்சாதி பொணத்து மேலயிருந்து தலையைத் தூக்குனாக.

"அண்ணாச்சி, அதைக் கீழ போடுங்க."

போட்டுட்டாரு.

திரும்பி வரும்போது வெயிலம்மாள் கரிசக்காட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாக.

"எழவுக்குச் சிரிச்ச மூஞ்சியோட கெளம்புத ஆளு நீங்க ஒருத்தர்தான். அப்பவே தெரியும். ஒங்களுக்குன்னு வச்சிருந்த ஒப்பாரியை இன்னைக்கே பாடித் தீத்துட்டேன். இனிமே நீங்க போனா அழுகதுக்கு எங்கிட்டப் பாட்டு இல்ல. இருந்து தொலைங்க."

அவரு நெஞ்சைத் தடவிக்கிட்டாரு.

அடுத்து மந்தித்தோப்புப் பக்கம் ஒரு எழவு. பீடித்தட்டோட வந்தவன் இவரைப் பாத்ததும் நின்னான். தட்டை அப்படியே திருப்பிக்கிட்டு உள்ள போயி, ஒரு வாழைப்பழம் எடுத்துட்டு வந்தான்.